ஆப்பிளின் வர்க்கம்

பதுளையில் ஞாயிற்றுக்கிழமைக் கணித வகுப்புக்குப் போன முதல் நாளே ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். பத்துக் கேள்விகள். அதில் ஏழாவது, a = 4 ஆயின் 3a² இன் பெறுமானம் என்ன என்பது. நான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்றை எழுதினேன். a இருந்த இடத்தில் நாலைப் போட்டேன். அதன் தலைக்கு மேலே இருந்த சின்ன இரண்டை இறக்கிப் பக்கத்தில் வைத்தேன். 342. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது.

விடைத்தாளைத் திருத்திய மிஸ் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவர் சிரிக்கவில்லை. என் மேசைக்கு வந்து குனிந்து, "அக்கா, இது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

"தெரியாது மிஸ். a-ன்னா ஆப்பிள்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆப்பிள எப்படி நாலுன்னு போடுறதுன்னு எனக்குத் தெரியல. அதனால கிடந்ததெல்லாம் வரிசையா எழுதிட்டேன்."

வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் நான் சொன்னது உண்மை. எட்டாம் ஆண்டில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில் 3a + 2b என்று எழுதிவிட்டு எங்கள் சேர் சொன்னார்: "a-ன்னா ஆப்பிள், b-ன்னா பன், அதான் பணிஸ். மூணு ஆப்பிளையும் ரெண்டு பணிசையும் கூட்ட முடியுமா? முடியாது. அதனால அப்படியே விட்டுரணும்." நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கிழமை ab வந்தது. ஆப்பிளைப் பணிசால் பெருக்கினால் என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்து a² வந்தது. ஆப்பிளின் வர்க்கம். அங்கேயே நான் நின்றுவிட்டேன். பதினாறு வயதில் எழுதுகிற ஓ.எல், சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடங்களெல்லாம் சித்தி, கணிதம் மட்டும் பெயில். அடுத்த வருஷமும் எழுதிப் பெயில். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் பதினொரு வருஷமாக உதவியாளராக இருந்தேன். காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பொறுப்பாக இருந்த அக்கா ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த இடத்துக்கு என்னைப் போடலாமா என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டேன். எழுதுவினைஞர் என் சான்றிதழைப் பார்த்தார். வேலையெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "கணிதம் ஒண்ணு பாஸ் பண்ணிட்டு வாங்க. அது இல்லாம மேலிடத்துக்கு அனுப்பவே முடியாது" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "இந்த வயசுல எக்ஸும் வையும் என்னாத்துக்கு உனக்கு?" என்று கேட்டார். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க இறங்கியபோது, பகல் சோற்றைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வகுப்பில் என்னைத் தவிர வயது வந்தவர் இன்னொருவர் இருந்தார். அப்புத்தளையிலிருந்து ரயிலில் வருகிற ஒரு தையல்காரப் பெண்மணி. நாற்பத்து நாலு வயது, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் 342 எழுதி அவமானப்பட்ட அன்று அவர்தான் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

"நீங்க எந்த வேலைக்குக்கா எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கு இல்லம்மா. தைக்கிறதுக்குச் சான்றிதழ் யாரு கேக்குறா? அந்தத் தாள்ல அந்த ஒரு பெயில் இருக்குது பாரு, அது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

மிஸ் எனக்கு ஆப்பிளை மறக்கச் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு, இடைவேளையில் என்னிடம் வந்து உட்கார்ந்து, பிள்ளைக் காம்பராவில் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன். பத்து மணிக்குப் பிஸ்கட் கொடுப்பதைப் பற்றிச் சொன்னதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தன பிஸ்கட் எடுப்பீங்க?"

"அது வர்ற பிள்ளைகளைப் பொறுத்து மிஸ். ஆளுக்கு ரெண்டு. அதோட கூட நாலு எடுப்பேன். யாராவது கீழ போட்டுட்டு அழுவாங்க."

"பதினேழு பிள்ளை வந்தா?"

"முப்பத்தெட்டு."

"பதினொண்ணு வந்தா?"

"இருபத்தாறு."

"நாளைக்கு எத்தன பிள்ளை வரும்?"

"அது எப்படி மிஸ் இப்பவே சொல்றது?"

"சொல்ல முடியாதுல்ல. ஆனா எத்தன பிஸ்கட் எடுக்கணும்ங்கிற முறை மட்டும் உங்களுக்கு இப்பவே தெரியும்." அவர் என் கொப்பியில் 2n + 4 என்று எழுதினார். "n-ன்னா பிள்ளை இல்லக்கா. பிள்ளைகளோட எண்ணிக்கை. நாளைக்கு ஒண்ணா இருக்கும், நாளன்னைக்கு வேற ஒண்ணா இருக்கும். அதனாலதான் இதுக்கு மாறின்னு பேரு. சரி, இன்னைக்கு முப்பது பிஸ்கட் எடுத்தீங்கன்னு வைங்க. எத்தன பிள்ளை வந்திருக்கும்?"

"பதிமூணு."

"சமன்பாடு ஒண்ணத் தீர்த்துட்டீங்க."

நான் அந்த 2n + 4-ஐப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பதினொரு வருஷம், வேலை நாளெல்லாம் காலையில் இதைத்தான் செய்திருக்கிறேன். மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவுதானா என்று. இவ்வளவுக்காகவா பதினாறு வயதில் கட்டிலில் குப்புறப்படுத்து அழுதேன் என்று.

அதோடு எல்லாம் விளங்கிவிட்டது என்றில்லை. n எந்த எண்ணாக இருக்க முடியும் என்று மிஸ் வகுப்பைக் கேட்டபோது ஒரு பையன் இரண்டரை என்றான். "அரைப் பிள்ள வராது தம்பி" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "ஆமா, இங்க n ஒரு முழுவெண். மைனஸ் போட்ட மறை எண்ணும் வராது, பின்னமும் வராது. பூச்சியம் வரலாம்" என்றார். அந்தக் கடைசிச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. யாருமே வராவிட்டால் அங்கே கணக்கு எதற்கு? அதை மட்டும் கொப்பியில் எழுதாமல் விட்டேன்.

ஐப்பசி மழையில் அது தானாக வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, எங்கள் மலைக்குக் கீழே பாதையோரம் மண் சரியத் தொடங்கியது. கிராம சேவகர் வந்து, மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொன்னார். அன்று மலையில் வேலையில்லை. நானும் சமைக்கிற அம்மாவும் மட்டும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம், ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க. ஒழுகியது. வாளி வைத்தோம். சேலைத் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து மணியானதும் என் கை பழக்கத்தில் பிஸ்கட் டின்னைத் திறந்தது. தட்டில் நாலை எடுத்து வைத்த பிறகுதான் நின்றேன்.

"பிள்ள, யாருக்கு எடுக்குற?" என்று கேட்டார் சமைக்கிற அம்மா.

பிள்ளைகள் பூச்சியம். இரண்டு தடவை பூச்சியம், பூச்சியம். அதோடு நாலு. அந்த நாலும் தட்டில் இருந்தன. "நமக்குத்தாம்மா" என்றேன். ஆளுக்கு இரண்டாக எடுத்து வெறுந்தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டோம். மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்குகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோழிக்கூடு ஒன்றுதான் போனது. நாலாம் நாள் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அன்று ஒன்பது பேர்.

சுட்டிகள் என்கிற பாடம் வந்தபோதுதான் தையல்கார அக்கா என்னைக் காப்பாற்றினார். ஒரு எண்ணின் தலைக்கு மேலே நிற்கிற அந்தச் சின்ன எண்ணுக்குச் சுட்டி என்று பெயர். இரண்டின் மூன்றாம் வலு, அதாவது மூன்று இரண்டுகளைப் பெருக்கினால், எட்டு என்று மிஸ் சொன்னார். என் கை ஆறு என்று எழுதியது. எத்தனை தடவை அடித்து எழுதினாலும் அடுத்த கணக்கில் மறுபடி ஆறு. இரண்டு, மூன்று, ஆறு. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு முந்திக்கொண்டது.

வகுப்பு நடந்த மண்டபத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது அக்கா தன் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். யாருடைய சட்டைக்கோ வெட்ட வைத்திருந்த நீலப் பருத்தித் துணி.

"மடி."

மடித்தேன்.

"எத்தன தட்டு?"

"ரெண்டு."

"இன்னொரு தடவ."

"நாலு."

"இன்னொண்ணு மடிச்சா ஆறாகுமா?"

மடித்தேன். விரலால் ஓரத்தை விரித்து எண்ணினேன். எட்டு.

"நான் கழுத்துப்பட்டி வெட்டுறப்ப இதத்தாம்மா செய்றேன். மடிக்கிறப்ப எல்லாம் இருக்கிறது அவ்வளவும் இரட்டிச்சிரும். ரெண்டு ரெண்டாக் கூடிக்கிட்டுப் போகாது. மூணு மடிப்புன்னா எட்டுத் துண்டு. இத ஆறுன்னு நெனச்சா துணி பாழ்."

மத்தியானம் மிஸ் இன்னொன்று சொன்னார். இரண்டின் பூச்சிய வலு ஒன்று. கரும்பலகையில் எட்டை எட்டால் வகுத்து, சுட்டிகளைக் கழித்து, ஒன்று என்று காட்டினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனையை வைத்துவிட்டேன். பூச்சியம் தடவை என்றால் ஒன்றுமேயில்லை. ஒன்றுமேயில்லாதது எப்படி ஒன்றாகும்? மிஸ் இரண்டாம் தடவையும் விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். அக்காவுக்கு என் தலையாட்டல் தெரியும். மேசைக்குக் கீழே அந்த நீலத் துணியை விரித்து என் மடியில் போட்டார்.

"எத்தன தடவ மடிச்சிருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"இன்னும் மடிக்கல."

"எத்தன தட்டு?"

ஒன்று. ஒரே ஒரு தட்டு, என் மடியில். நான் அவரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து வரும்போது பசறையில் பஸ் மாற இறங்கினேன். மடுல்சீமை பஸ் வரத் தாமதமாகியது. தரிப்பிடத்து வாங்கின் மறுமுனையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் லீக்ஸும் முட்டைக்கோவாவும் நிரம்பிய மரக்கறிப் பை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த விதத்தில் அடையாளம் கண்டேன். எட்டாம் ஆண்டில் எனக்குக் கணிதம் சொல்லித்தந்த சேர்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக, எங்காவது கணக்கு என்ற சொல் வந்தாலே இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு கோபம் எழும். ஆனால் பஸ் வருவதாக இல்லை. எழுந்து போய், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவருக்கு என்னை ஞாபகமில்லை. அப்பாவை ஞாபகமிருந்தது. இப்போது எங்கே போய் வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கணிதமா? நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சா பெயில் ஆன?"

"ஆமாங்க சேர்."

"நான் கணித வாத்தியாரே இல்லம்மா" என்றார். "என்னச் சரித்திரம் படிப்பிக்கத்தான் அனுப்புனாங்க. வந்து பாத்தா கணக்குக்கு ஆள் இல்ல. அதிபர் கூப்பிட்டு, நீங்க எடுங்கன்னு சொல்லிட்டாரு. நானும் ஓ.எல்-ல கணக்குல தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணவன். காலையில பஸ்ல வர்றப்ப பாடத்தப் படிச்சிட்டு வந்து, இறங்குனதும் உங்களுக்குச் சொல்லுவேன்."

நான் கேட்டேவிட்டேன். "a-ன்னா ஆப்பிள்னு சொன்னீங்க சேர்."

"எனக்கும் அப்படித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "அப்ப அது ஆப்பிள் இல்லையா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. எத்தனையோ வருஷமாக இவரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"இல்லைங்க சேர். ஒரு எண்தான். இப்ப வரப்போற பஸ்ல எத்தன பேர் இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. அந்த எண்ணிக்கைய p-ன்னு வச்சுக்குவோம். நாம ரெண்டு பேரும் ஏறுனா p கூட்டல் ரெண்டு. நாப்பது பேர் இருந்தா நாப்பத்திரண்டு. காலியா வந்தா வெறும் ரெண்டு."

"p-ன்னா பஸ் இல்ல. ஆளுங்களும் இல்ல."

"இல்லைங்க. எத்தன பேருங்கிறது மட்டுந்தான்."

அவர் தன் பையின் வாயை இழுத்து முடிந்தார். முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிந்தார். "எத்தன வருஷம் ஆப்பிள்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். நான் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. பொய்யாக எதையும் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கோபம் வழக்கமான இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பஸ் வந்தபோது அவருடைய கோவாப் பையை நான் தூக்கிக்கொண்டேன். பாதி வழியில் அவர் இறங்கினார். நல்லாச் செய்யணும்மா என்றார்.

பரீட்சையைப் பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எழுதினேன். சேலை கட்டிய பெண் அந்த வரிசையில் நான் ஒருத்திதான். மேற்பார்வைக்கு வந்தவர் என்னைத் தாயார் என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார். அடையாள அட்டையைக் காட்டினேன். வினாத்தாளில் பாதியை என்னால் தொட முடியவில்லை. வட்டத்தின் தேற்றம் ஒன்று வந்தது, படத்தைக்கூட ஒழுங்காக வரைய வரவில்லை. ஆனால் a, b மாதிரி இரண்டு அட்சரங்களுக்குப் பெறுமானம் கொடுத்து ஒரு கோவையின் பெறுமானம் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு வர்க்கமும் இருந்தது. அட்சரத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்தேன். முதலில் வர்க்கம், பிறகு பெருக்கல், கடைசியில் கூட்டல். மூன்று வரியில் விடை வந்தது. அது சரி என்று எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. கணிதத்தில் அப்படித் தெரிந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பேனையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போகிறதென்று தெரிந்தும்.

பெறுபேறு வந்த நாள், தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற தண்ணித்தாங்கி வளைவுக்கு நானும் வீட்டுக்காரரும் நடந்தோம். என் பரீட்சை எண்ணான சுட்டெண்ணை அவர்தான் போனில் தட்டினார். கணிதம், எஸ். சித்திகளிலேயே கடைசிப் படி. "பாஸ்தானே இது?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்தத் திரையை அப்படியே படமெடுத்து, கொழும்பில் கடையில் நிற்கிற தன் தம்பிக்கு அனுப்பினார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்.

நான் தையல்கார அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி நெடுநேரம் அடித்தது.

"உனக்கு வந்திருச்சா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"எஸ்-க்கா."

"நல்லதும்மா. எனக்கு வரல."

தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. என்னென்னவோ சொன்னேன். அவர் உம் உம் என்றார். பிறகு, சட்டை ஒன்று மத்தியானத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டார். சுட்டிகளை எனக்கு விளங்கவைத்தவர் அவர். சுட்டிகளில் வந்த கேள்வியில் எனக்குக் கிடைத்த புள்ளிகள் இல்லாவிட்டால் எஸ் வந்திருக்குமோ என்னவோ.

இரண்டு ஞாயிறு நான் எங்கும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு பதுளைக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி அப்புத்தளைக்குப் போனேன். பனி மூட்டத்தில் தெருவே தெரியவில்லை. அவருடைய தையல்கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான், கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் சந்தோஷப்படாமல், "என்னத்துக்கு வந்த?" என்றார்.

"சும்மா பாக்கலாம்னு."

"பரிதாபப்பட்டு வந்திருந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. கணக்குச் செய்ய வந்திருந்தா அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு."

வெட்டுகிற மேசையில், காகித அளவுகளுக்கு நடுவே, கொப்பி திறந்து கிடந்தது. அவர் மறுபடி விண்ணப்பித்திருந்தார். வட்டத்துக்குள், நாலு முனையும் வட்டத்தைத் தொடுகிற ஒரு நாற்பக்கல், எதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது என்று நிறுவ வேண்டும். பரீட்சையில் நான் விட்டுவிட்டு வந்த அதே மாதிரிக் கணக்கு. எஸ் எடுத்த எனக்கும் தெரியாது, டபிள்யூ எடுத்துப் பெயிலான அவருக்கும் தெரியாது. நான் முக்காலியை இழுத்துப் போட்டேன்.

பிறகு எனக்குப் பொறுப்பாளர் நியமனம் வந்தது. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, பெட்டியில் இருக்கிறது. இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு அப்புத்தளைக்குப் போகிறேன். அக்கா இந்த முறை எழுதுகிறார். அட்சர கணிதத்தில் நாங்கள் இருவரும் தடுமாறுவதில்லை, நிறுவல்களில்தான் திண்டாட்டம். போன தடவை இரண்டு மணி நேரம் ஒரே படத்தை வைத்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் ரவிக்கை வாங்க வந்து, காத்திருந்து, அலுத்து, அவரும் குனிந்து பார்த்தார். "அந்தக் கோணமும் இந்தக் கோணமும் ஒண்ணுதானேங்க?" என்றார். அக்கா சுண்ணக்கட்டியை அவரிடம் கொடுத்து, எங்கே என்று காட்டச் சொன்னார்.